முகவரியின் வாலில் தொங்கும் ".பிஎச்பி"யை எடுப்பது எப்படி?

18 ஜூலை 2024, இரவு 9.12 – கேள்வி, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து

இங்கே ஒரு டியூஷன் சென்டருக்குத் தளம் செய்து கொடுத்திருக்கிறேன். பதினொரு பக்கம், எல்லாம் பிஎச்பி என்ற நிரல்மொழியில். படிவம் நான்கு மாணவர்களின் வகுப்பு நேரம் பார்க்க "நேரம்.பிஎச்பி?படிவம்=4" என்று முகவரி வருகிறது. ஓர் அம்மா தொலைபேசியில் கேட்டார். புள்ளி, பி, எச், பி, கேள்விக்குறி, சமக்குறி என்று சொல்லிக்கொண்டே போனேன். பாதியிலேயே "நேரில் வந்து பார்த்துக்கிறேன் தம்பி" என்று வைத்துவிட்டார். கோப்பின் பெயர் தெரியாமல் "/நேரம்/4" என்று மட்டும் வரவேண்டும். கோப்பின் பெயரிலிருந்து .பிஎச்பியை அழித்துப் பார்த்தேன். பக்கம் திறக்காமல் டவுன்லோட் ஆகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

18 ஜூலை 2024, இரவு 10.05 – பினாங்கிலிருந்து

முதலில் அந்த .பிஎச்பியைத் திரும்பப் போடுங்கள். அந்த மூன்று எழுத்தைப் பார்த்துத்தான் சர்வர் கோப்பை பிஎச்பியிடம் ஓட்டக் கொடுக்கிறது. அதை அழித்தால் உள்ளே நீங்கள் எழுதியதை அப்படியே வெளியே அனுப்பிவிடும். தரவுத்தளத்தின் கடவுச்சொல் அந்தக் கோப்பில் இருந்தால் டவுன்லோட் செய்தவர் கையில் அதுவும் போய்விட்டது. கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள்.

இனி உங்கள் கேள்வி. முகவரி வேறு, கோப்பு வேறு. பலரும் இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் கோப்பின் பெயரில் கைவைக்கிறார்கள். நான் லிட்டில் இந்தியாவில் கல்யாண கார்டு அச்சடிக்கும் கடையில் இருக்கிறேன், மாமாவின் கடை. வருகிறவர்கள் "பிள்ளையார் படம் போட்ட மெரூன் கார்டு" என்று கேட்பார்கள். அது எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரிந்தால் போதும். அலமாரியை மாற்றி வைத்தாலும் அவர்கள் கேட்பது மாறாது. முகவரியும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

பதினொரு பக்கத்துக்கு ரொம்ப எளிய வழி ஒன்று உண்டு. "நேரம்" என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் பக்கத்தை இண்டெக்ஸ்.பிஎச்பி என்று வையுங்கள். ஃபோல்டரைக் கேட்டால் இண்டெக்ஸ் கோப்பைத் தானாக எடுத்துக் கொடுப்பது சர்வரின் வழக்கம். முகவரியில் "/நேரம்/" மட்டும் தெரியும். விதி எதுவும் எழுத வேண்டாம். தொல்லை ஒன்றுதான்: எடிட்டரில் பதினொரு கோப்பும் ஒரே பெயரில் திறந்திருக்கும், எதைத் திருத்துகிறோம் என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

(முகவரிகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். உங்கள் தளத்தில் ஆங்கில எழுத்தாக இருக்கும், அப்படியே பொருத்திக்கொள்ளுங்கள்.)

18 ஜூலை 2024, இரவு 11.31

உங்கள் "4"ஐ மறந்துவிட்டேன். ஃபோல்டர் வழியில் படிவம் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஐந்து ஃபோல்டர் போட வேண்டிவரும். அதற்கு ரீரைட்தான் சரி, அதாவது கேட்ட முகவரியைச் சர்வர் தனக்குள் வேறொன்றாக மாற்றி எழுதிக்கொள்வது.

சர்வரில் ஓடும் மென்பொருள் அப்பாச்சி என்றால் மாட்-ரீரைட் என்ற பகுதி இருக்கும். ரால்ஃப் எங்கல்ஷால் 1996-ல் எழுதி, அடுத்த ஆண்டு அப்பாச்சி குழுவுக்குக் கொடுத்தது. தளத்தின் மேல்மட்ட ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் எச்டிஆக்சஸ் கோப்பில் விதிகளை எழுத வேண்டும். முதல் வரியில் ரீரைட்எஞ்சின் ஆன். அப்புறம் இரண்டு நிபந்தனை: கேட்கப்பட்டது நிஜக் கோப்பாக இருக்கக் கூடாது, நிஜ ஃபோல்டராகவும் இருக்கக் கூடாது. இவை இல்லாவிட்டால், பின்னால் எல்லா முகவரியையும் பிடிக்கும் அகலமான விதி எழுதும்போது படங்களையும் ஸ்டைல் கோப்பையும்கூட அது இழுத்துக்கொள்ளும். அதன் கீழே ரீரைட்ரூல்: "நேரம்/" என்று தொடங்கி எண்ணோடு முடிந்தால், அந்த எண்ணை "நேரம்.பிஎச்பி?படிவம்=" என்பதன் பின்னால் ஒட்டி உள்ளே அனுப்பு. இது சர்வருக்குள்ளேயே நடக்கும். உலாவிக்குத் தெரியாது, மேலே "/நேரம்/4" அப்படியே நிற்கும்.

விதி எழுதியும் எதுவும் நடக்கவில்லையென்றால், எச்டிஆக்சஸின் முதல் வரியில் அர்த்தமில்லாத ஒரு சொல்லைத் தட்டிச் சேமியுங்கள். 500 பிழை வந்தால் சர்வர் அந்தக் கோப்பைப் படிக்கிறது, தவறு உங்கள் விதியில். பிழையே வராவிட்டால் அது படிக்கப்படவே இல்லை, அதைப் படிக்க அனுமதிக்கும் அலவ்ஓவர்ரைடு என்ற அமைப்பைத் திறந்துவிட ஹோஸ்டிங் ஆட்களிடம் சொல்லுங்கள். அப்பாச்சி 2.4-ல் அது இயல்பாக மூடியே இருக்கும். இந்தச் சோதனை தெரியாமல் ஒரு சனி ஞாயிறு முழுக்கச் சரியான விதியைத் திருத்தித் திருத்திப் பார்த்திருக்கிறேன்.

20 ஜூலை 2024, மாலை 4.40

"விதி வேலை செய்கிறது, ஆனால் மெனுவில் இன்னும் பழைய முகவரிதான், பக்கமும் அலங்காரம் எல்லாம் போய் மொட்டையாக நிற்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் தனித்தனி விஷயம்.

வருகிற முகவரியைப் புரிந்துகொள்வதோடு ரீரைட்டின் வேலை முடிந்தது. உங்கள் பக்கங்களில் இருக்கும் இணைப்புகளை அது தொடாது. அவற்றை நீங்கள்தான் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.

அலங்காரம் போனதற்குக் காரணம், ஸ்டைல் கோப்பை "ஸ்டைல்/மெயின்.சிஎஸ்எஸ்" என்று குறித்திருப்பீர்கள். பழைய முகவரியில் பக்கம் மேல்மட்டத்தில் இருந்தது. இப்போது "/நேரம்/4" என்பதைப் பார்க்கும் உலாவி, நாம் "நேரம்" ஃபோல்டருக்குள் இருக்கிறோம் என்று நம்பி "/நேரம்/ஸ்டைல்/மெயின்.சிஎஸ்எஸ்" என்று கேட்கும். அப்படி ஒன்று கிடையாது. எல்லாக் குறிப்பையும் சாய்கோட்டில் தொடங்குங்கள். படங்களுக்கும் இதே கதைதான்.

20 ஜூலை 2024, மாலை 4.52

ஒன்று விட்டுப்போனது. விதி எழுத மனமில்லாதவர்களுக்கு மல்டிவியூஸ் என்று ஓர் அமைப்பு உண்டு. அதைத் திறந்துவிட்டால் "/தொடர்பு" என்று கேட்டதும் தொடர்பு.பிஎச்பியைச் சர்வரே தேடிக் கொடுக்கும். ஒரே வரி. போட்டுப் பாருங்கள்.

23 ஜூலை 2024, காலை 7.15

மேலே சொன்ன மல்டிவியூஸை எடுத்துவிடுங்கள். தனியாக இருந்தால் அதில் குற்றமில்லை. ரீரைட்டோடு சேர்ந்தால் இரண்டும் மோதும், அதை நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும். "/நேரம்/4" என்று கேட்டதும் உங்கள் விதி எழுவதற்கு முன்பே மல்டிவியூஸ் ஓடிப்போய் நேரம்.பிஎச்பியை எடுத்துவிடுகிறது. படிவம் எண் கைக்கு வருவதில்லை. பக்கம் திறக்கிறது, அட்டவணை மட்டும் காலி. நேற்று இரவு நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது அதுதான். எச்டிஆக்சஸில் ஆப்ஷன்ஸ் வரியில் கழித்தல் குறி போட்டு மல்டிவியூஸ் என்று எழுதுங்கள். ஹோஸ்டிங்கில் அது முன்பே திறந்திருந்தாலும் அடைபடும்.

என் பேச்சைக் கேட்டு இரண்டு இரவு கெட்டது. மன்னிக்கவும்.

23 ஜூலை 2024, மதியம் 1.20

இடையில் ஒருவர் ".பிஎச்பியை மறைத்தால் ஹேக்கர்கள் வரமாட்டார்கள்" என்று எழுதியிருக்கிறார். அதை நம்பி யாரும் அசந்துவிட வேண்டாம். எக்ஸ்போஸ்-பிஎச்பி என்ற அமைப்பு ஆனில் இருந்தால் ஒவ்வொரு பதிலின் தலைப்பகுதியிலும் பிஎச்பியின் பெயரும் பதிப்பு எண்ணும் போய்க்கொண்டேயிருக்கும். அதை ஆஃப் செய்யலாம், நல்லதுதான். ஆனால் பார்க்க வருபவர்கள் நிரப்பி அனுப்புவதைச் சோதிக்காமல் தரவுத்தளத்துக்கு அனுப்பும் தளத்தைச் சுத்தமான முகவரி காப்பாற்றாது.

27 ஜூலை 2024, இரவு 10.48

இப்போது பழைய முகவரி. "நேரம்.பிஎச்பி?படிவம்=4" என்பதை ஏற்கெனவே புலனத்தில் (வாட்ஸ்அப்) பகிர்ந்த பெற்றோர் இருப்பார்கள். அவர்கள் தட்டினால் புது முகவரிக்குப் போக வேண்டும். அதற்கு 301, நிரந்தரமாக இடம் மாறியது என்று சொல்லும் எண்.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. "நேரம்.பிஎச்பி கேட்டால் /நேரம்-க்கு அனுப்பு" என்று ஒரு விதி. "/நேரம் கேட்டால் உள்ளே நேரம்.பிஎச்பியை எடு" என்று இன்னொரு விதி. எச்டிஆக்சஸில் உள்மாற்றம் நடந்த பிறகு விதிகள் மறுபடி மேலிருந்து ஓடும். இரண்டாம் விதி எடுத்துக் கொடுத்த நேரம்.பிஎச்பியை முதல் விதி பார்த்து, மறுபடி வெளியே அனுப்பும். செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் உலாவியே சலித்து நிறுத்திவிடும். விதியின் முடிவில் எல் என்ற கொடி, அதாவது ஒரு குறிப்பெழுத்து, போட்டால் நிற்கும் என்று நினைப்பார்கள், அது அந்தச் சுற்றை மட்டும்தான் நிறுத்தும்.

இதற்கு இரண்டு தீர்வு. ஒன்று, முதல் விதிக்கு மேலே தி-ரிக்வெஸ்ட் என்ற மாறியைச் சோதிக்கும் நிபந்தனை. உலாவி முதன்முதலில் அனுப்பிய வரி அப்படியே அதில் இருக்கும், உள்ளே எத்தனை முறை மாற்றினாலும் மாறாது. அதில் .பிஎச்பி இருந்தால் மட்டும் வெளியே அனுப்பச் சொல்லுங்கள். இன்னொன்று, அப்பாச்சி 2.4 என்றால் எல்லுக்குப் பதில் எண்ட் என்ற கொடி. அது மொத்தமாக நிறுத்திவிடும். நான் முதலாவதைத்தான் பயன்படுத்துகிறேன், பழகிவிட்டது.

கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதை ரீரைட்ரூல் பார்க்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதைப் பார்க்க க்வெரி-ஸ்ட்ரிங் என்ற மாறிக்குத் தனி நிபந்தனை வேண்டும். புது முகவரியின் முடிவில் க்யூஎஸ்டி கொடி போடாவிட்டால் "/நேரம்/4?படிவம்=4" என்று பழைய வால் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

28 ஜூலை 2024, காலை 6.50

தூங்கப் போன பிறகு நினைவுக்கு வந்தது. 301-ஐ எடுத்தவுடன் போடாதீர்கள். முதலில் 302, தற்காலிகம். எல்லா முகவரியையும் தட்டிப் பார்த்துத் திருப்தியான பிறகு 301. பல உலாவிகள் 301-ஐ மனப்பாடம் செய்துகொள்ளும். தவறான இடத்துக்கு ஒருமுறை அனுப்பிவிட்டால், நீங்கள் சர்வரில் திருத்திய பிறகும் அந்தக் கைப்பேசி சர்வரைக் கேட்காமலே பழைய தவறான இடத்துக்குப் போகும். கார்டோடு கல்யாணப் பக்கமும் நாங்கள் செய்து கொடுத்த ஒரு பெண்ணின் அப்பா புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஃபோன் செய்து, மகள் கல்யாணப் பக்கத்தைத் திறந்தால் வேறு யாரோ மாப்பிள்ளை நிற்கிறார் என்றார். நான் அதற்கு முந்தின நாளே சரிசெய்திருந்தேன். அவர் கைப்பேசியில் மட்டும் சரியாகவில்லை. பாலத்தைக் கடந்து போய், அவர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து உலாவியின் நினைவை அழித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

4 ஆகஸ்ட் 2024, இரவு 9.30

"பதிவுப் படிவம் நிரப்பி அனுப்பும் பக்கத்தையும் இதேபோல் திருப்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு விரிவாகச் சொல்ல வேண்டும்.

2019-ல் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணம். கார்டில் முகவரி, அதில் "எத்தனை பேர் வருகிறீர்கள்" என்ற படிவம். சாப்பாட்டுக்காரருக்கு இலைக் கணக்கு அதிலிருந்துதான் போகும். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது நான் தளம் முழுக்க .பிஎச்பி முகவரிகளை 301-ல் திருப்பினேன். ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. படிவத்தை நிரப்பி அனுப்பிப் பார்க்கவில்லை.

பக்கத்தைக் கேட்பது கெட், நிரப்பியதை அனுப்புவது போஸ்ட். படிவம் பழைய முகவரிக்கே போஸ்ட் செய்தது. சர்வர் 301 என்றது. போஸ்டுக்கு 301 கிடைத்தால் உலாவிகள் புது முகவரியை கெட்டாகக் கேட்கும். பழைய வழக்கம், விதிமுறையும் அனுமதிக்கிறது. நிரப்பியது அத்தனையும் வழியிலேயே விழுந்துவிடும். அனுப்பியவர்களுக்கு வெற்றுப் படிவம் மறுபடி வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்து மூடிவிட்டார்கள்.

மூன்று நாள். பெண்ணின் பெரியம்மா ஃபோன் செய்து, நாலு பேர் வருகிறோம் என்று அனுப்பினோமே, பட்டியலில் எங்கள் பெயர் இல்லையாமே என்று கேட்டபோதுதான் தெரிந்தது. சர்வர் பதிவேட்டைத் திறந்தால் போஸ்ட், 301, கெட், போஸ்ட், 301, கெட் என்று வரிசையாக நிற்கிறது. பதிவேட்டில் முகவரியும் நேரமும்தான் இருக்கும், நிரப்பியது இருக்காது. எதையும் மீட்க முடியவில்லை. அந்தக் குடும்பம் புலனத்தில் எல்லாரிடமும் மறுபடி கேட்க வேண்டியிருந்தது. பெரியவர்கள் சிலரிடம் இரண்டாம் முறை கேட்பது மரியாதையாக இருக்காது என்று மணப்பெண்ணின் அண்ணன் நேரிலேயே போனார். நானும் கூடப் போனேன்.

செய்ய வேண்டியது: முதலில் படிவம் போகும் இடத்தைப் புது முகவரிக்கு மாற்றுங்கள். திருப்பும் விதியில் ரிக்வெஸ்ட்-மெத்தட் போஸ்டாக இருந்தால் விட்டுவிடு என்று நிபந்தனை போடுங்கள். கட்டாயம் திருப்பித்தான் ஆகவேண்டும் என்றால் 308. அதுவும் நிரந்தரம்தான், ஆனால் போஸ்டைப் போஸ்டாகவே கொண்டுபோகும். தற்காலிகத்துக்கு 307.

உங்கள் பதிவுப் படிவத்தை நீங்களே நிரப்பி அனுப்பிப் பாருங்கள். பக்கம் திறக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

11 ஆகஸ்ட் 2024, மாலை 5.05

"பதினொரு பக்கத்துக்கு இவ்வளவு கவலை தேவையா, பழைய முகவரி செத்தால் சாகட்டுமே" என்று ஒருவர். மனதில் பட்டதை எழுதுகிறேன்.

எங்கள் கடைக்குப் பக்கத்துத் தெருவுக்குப் பலகையில் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்று பெயர். கடைக்கு வரும் பெரியவர்களுக்கு அது இன்னும் பிட் ஸ்திரீட்தான். ஜாலான் மஸ்ஜித் நெகிரி என்று சொல்லிப் பாருங்கள், கிரீன் லேனா என்று திருப்பிக் கேட்பார்கள். கோலாலம்பூரில் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானைப் பத்து ரோடு என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நீங்கள் இருக்கும் இடத்தின் பெரிய சாலையே பிரிக்ஃபீல்ட்ஸ் ரோடாக இருந்து ஜாலான் துன் சம்பந்தன் ஆனதுதான். பெயர் மாறிய பிறகும் பழைய பெயரைச் சொன்னால் டாக்சிக்காரர் கொண்டுபோய் விட்டார், தபால்காரர் கடிதத்தைச் சேர்த்தார். ஊர் முழுக்க இரண்டு பெயரும் தெரிந்த மனிதர்கள் இருந்தார்கள். இணையத்தில் அப்படிப்பட்ட மனிதர் கிடையாது. தளத்தை வைத்திருப்பவர்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வந்தவர் "பக்கம் இல்லை" என்ற 404-ஐப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்.

இந்த வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே இதை எழுதிவைத்தார்: நல்ல முகவரி மாறாது, ஆகவே மாறக்கூடிய எதையும் அதில் வைக்காதே. எழுதியவர் பெயர், பொருள் வகை, கோப்பின் பின்னொட்டு, பயன்படுத்தும் மென்பொருளின் அடையாளம் எல்லாம் அவர் விடச் சொன்ன பட்டியலில் உண்டு. நான் இந்த வேலைக்கு வந்தபோது .பிஎச்பி பார்க்க அழகாக இல்லை என்றுதான் மறைத்தேன். இப்போது எனக்கு அழகு இரண்டாம்பட்சம். .பிஎச்பி என்பது இன்று நான் பிடித்திருக்கும் கருவியின் பெயர். நாளைக்குக் கருவி மாறும். மாறினால் முகவரியும் போகும்.

எங்கள் கடையிலேயே அது இரண்டு முறை நடந்தது. 2006-ல் முதல் தளம், .ஏஎஸ்பி, மைக்ரோசாஃப்டின் பழைய கருவி. 2013-ல் அதை எடுத்துவிட்டு .பிஎச்பி. பழைய முகவரிகளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அவை கார்டுகளில் அச்சாகியிருந்தன. அச்சானதைத் திருத்த முடியாது.

15 ஆகஸ்ட் 2024, இரவு 8.20

"முகவரியையே தமிழில் வைக்கலாமா? தமிழர் தளம்தானே" என்ற கேள்விக்கு என் முதல் பதில்: வையுங்கள். உலாவியின் மேல்பட்டையில் "/திருமணம்/பினாங்கு" என்று முதன்முதலில் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை. அப்பாச்சி விதியிலும் தமிழை நேராகவே எழுதலாம். சதவீதக் குறிகளைப் பிரித்த பிறகுதான் அது ஒப்பிட்டுப் பார்க்கும்.

ஆனால் கம்பியில் போகும்போது தமிழ் தமிழாகப் போகாது. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்தும் ஆகும். ஆக, ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து. அதுவும் நாம் எண்ணுகிற எழுத்துக் கணக்கு அங்கே செல்லாது. "தி" என்பது தகரமும் கொக்கியும் சேர்ந்து இரண்டு குறி. "ம்" மகரமும் புள்ளியுமாக இரண்டு. "திருமணம்" எட்டுக் குறி, 72 எழுத்து. "பினாங்கு" அதே எட்டு, அதே 72. பல உலாவிகளில் மேல்பட்டையிலிருந்து நகலெடுத்துப் புலனத்தில் ஒட்டினால் அந்த நீளச் சரம்தான் விழுகிறது. பார்க்கிறவர்கள் ஏதோ மோசடி லிங்க் என்று பயந்து தட்டுவதே இல்லை.

கார்டில் க்யூஆர் போடும்போது இன்னொரு சிக்கல். எங்கள் சாதாரண முகவரி 36 எழுத்து. க்யூஆர் 29-க்கு 29 கட்டத்தில் அடங்கியது. தமிழ் முகவரி 171 எழுத்து. அதே கருவியில், அதே பிழைதிருத்த அளவில் 53-க்கு 53 வந்தது. கார்டில் அதற்கு ஒதுக்கிய இடம் இரண்டு செண்டிமீட்டர். முன்பு ஒரு கட்டம் கிட்டத்தட்ட 0.7 மில்லிமீட்டர், இப்போது 0.4-க்கும் கீழே. சாதா மையில் தப்பிக்கும். மெரூன் அட்டையில் தங்க ஃபாயில் ஒத்தும்போது கட்டங்களுக்கு இடையே தகடு வழிந்து ஒட்டிக்கொண்டது. பத்துக் கைப்பேசியில் நான்கு படிக்கவில்லை. அந்த 300 கார்டையும் கழித்துவிட்டு மறுபடி அடித்தோம்.

அதனால் இரண்டும் வைத்திருக்கிறேன். கார்டுக்கும் க்யூஆருக்கும் குட்டி முகவரி. தளத்துக்குள் நடமாட, தேட, படிக்கத் தமிழ் முகவரி. குட்டி முகவரி தமிழ் முகவரிக்குத் திருப்பி அனுப்பும்.

தமிழை விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. டாட்டுக்குப் பின்னால் வரும் நாட்டுப் பெயரே சிங்கப்பூர், இலங்கை, இந்தியா மூன்றுக்கும் தமிழில் இருக்கிறது. மலேசியாவுக்கு, மலாயை எழுதும் அரபு வடிவ எழுத்தான ஜாவியில் இருக்கிறது. தமிழிலும் ஒருநாள் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

16 ஆகஸ்ட் 2024, காலை 7.40

தமிழ் முகவரி வைப்பவர்களுக்கு நேற்று சொல்லாமல் விட்டது. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். "கோ" என்பதைக் ககரமும் ஓகாரக் குறியும் என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். ககரம், முன்னால் இரட்டைக்கொம்பு, பின்னால் கால் என்று மூன்றாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், சர்வருக்கு இரண்டும் வேறு. எங்கள் டிசைனர் பழைய மேக்கில் "கோலம்" என்று பெயர் வைத்து அனுப்பிய படங்கள் தளத்தில் திறக்கவே இல்லை. எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பைட்டுகளை எண்ணியபோது ஒன்றில் 15, இன்னொன்றில் 18. அந்த மேக்கின் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்து வைக்கும் வழக்கம் உள்ளது. பிஎச்பியில் இரண்டு விதத்தையும் ஒரே விதமாக்கும் நார்மலைசர் என்று இருக்கிறது. வருகிற பெயர், சேமித்த பெயர் இரண்டையும் அதில் ஒருமுறை போட்டு எடுத்து ஒப்பிட்டால் பிரச்சினை தீரும்.

17 ஆகஸ்ட் 2024, இரவு 11.55

ஆவணி பிறந்துவிட்டது. இனி கடையில் மூச்சுவிட நேரம் இருக்காது, பதில் தாமதமாகும்.

25 ஆகஸ்ட் 2024, இரவு 11.10

ஹோஸ்டிங்கை மாற்றிவிட்டீர்கள், அங்கே அப்பாச்சிக்குப் பதில் எஞ்சின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள், எச்டிஆக்சஸ் எதுவும் வேலை செய்யவில்லை. ஆமாம், செய்யாது. இகோர் சிசோயெவ் 2004-ல் அதை வெளியிட்டதிலிருந்து அதற்கு எச்டிஆக்சஸ் என்பதே கிடையாது. அமைப்புக் கோப்பில் ட்ரை-ஃபைல்ஸ் என்ற வரியில், கேட்டது கோப்பா, ஃபோல்டரா, பின்னொட்டுச் சேர்த்தால் கிடைக்கிறதா, இல்லாவிட்டால் 404 என்று வரிசையாக எழுத வேண்டும். வெறும் எச்டிஎம்எல் பக்கங்களுக்கு அதுவே போதும். பிஎச்பிக்கு அந்த வரிசையில் வெறுமனே .பிஎச்பியைச் சேர்த்துவிடாதீர்கள். பிஎச்பியிடம் கொடுக்கும் பகுதிக்கு அது போகாமல், கோப்பை அப்படியே வெளியே அனுப்பிவிடும். ஜூலையில் பார்த்த அதே டவுன்லோட் கதை. ட்ரை-ஃபைல்ஸின் கடைசிச் சொல்லாகப் பெயரிட்ட ஒரு பகுதியைக் குறித்து, அங்கிருந்து ரீரைட் செய்து அனுப்புங்கள்.

8 செப்டம்பர் 2024, மதியம் 2.30

அச்சுக்குக் கொடுப்பவர்கள் கவனிக்க. முகவரியில் தளத்தின் பெயருக்கு ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு இல்லை. சாய்கோட்டுக்குப் பிறகு வருவதற்கு, லினக்ஸ் சர்வரில், உண்டு. இந்த வாரம் ஒரு கார்டில் பெரிய எழுத்து மட்டுமே உள்ள எழுத்துருவில் முகவரி போய்விட்டது. பார்த்தவர்கள் பார்த்தபடி தட்டினார்கள், 404. பெரிய எழுத்தில் வந்தாலும் சின்ன எழுத்துக்குத் திருப்பும் விதி ஒன்று போட்டேன். அச்சுக்குப் போகும் பாதைகள் எல்லாவற்றுக்கும் இனி இது உண்டு.

13 அக்டோபர் 2024, இரவு 10.20

ஒரு மாதமாக இங்கே வரவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இந்த இழைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு.

செப்டம்பர் கடைசியில் ஒரு பெண் கடைக்கு வந்தார். கையில் 2009-ல் நாங்கள் அடித்த கார்டு, அவருடைய கல்யாண கார்டு. கீழே சின்ன எழுத்தில் "அழைப்பு.ஏஎஸ்பி?எண்=212" என்று முடிகிற முகவரி. அப்போது அந்தப் பக்கத்தில் அவருடைய அப்பா தன் கைப்பட எழுதிய வரவேற்புக் கடிதத்தை ஸ்கேன் செய்து போட்டிருந்தோமாம். அப்பா இந்த ஆண்டு தவறிவிட்டார். வீட்டில் அவர் கையெழுத்தில் அவ்வளவு நீளமாக வேறு எதுவும் இல்லை. அம்மா கார்டைப் பார்த்து முகவரியைத் தட்டியிருக்கிறார், வரவில்லை. தான் தப்பாகத் தட்டுகிறோம் என்று நினைத்து ஒரு வாரம் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

மாமா மாடியில் பழைய கணினிகளை எறியாமல் வைத்திருந்தார். மூன்றாவது ஹார்ட் டிஸ்க்கில் ஆக்சஸ் தரவுக் கோப்பு கிடைத்தது. 212-ஆம் வரிசை இருந்தது. கடிதத்தின் படமும் இருந்தது, இரண்டு பக்கம், நீல மை. பிரதி எடுத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன்.

அத்தோடு முடித்திருக்கலாம். அம்மா ஒரு வாரம் தட்டியதுதான் மனதைவிட்டுப் போகவில்லை. எங்கள் இப்போதைய சர்வரில் ஏஎஸ்பியே கிடையாது. ஆனால் முகவரி வேறு, கோப்பு வேறு என்று முதல் நாள் நானே எழுதியிருக்கிறேனே. பாதை "அழைப்பு.ஏஎஸ்பி" என்றும் க்வெரி-ஸ்ட்ரிங் "எண்=" என்று தொடங்கி எண்ணோடு முடிந்தும் இருந்தால், புதுப் பக்கத்தை எடுத்துக் கொடு என்று ஒரு விதி, எண்ட் கொடியோடு. 301 போட்டுப் புது முகவரிக்கு அனுப்பத்தான் முதலில் எழுதினேன். பிறகு அதை அழித்துவிட்டு உள்மாற்றமாகவே வைத்தேன். கார்டில் உள்ள முகவரியும் திரையில் நிற்கும் முகவரியும் ஒன்றாக இருந்தால், சரியாகத்தான் தட்டியிருக்கிறோம் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும்.

மூன்று மாதமாக வாலை எடுப்பது எப்படி என்று இங்கே எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு வாலை வேண்டுமென்றே வைத்திருக்கிறேன்.

நேற்று மாலை பெண் ஃபோன் செய்தார். அம்மா கார்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தானே தட்டினாராம். பக்கம் வந்தது.

அந்தத் தரவுக் கோப்பில் மொத்தம் 340 எண் இருக்கிறது. 97 வரை படங்கள் கெட்டிருக்கின்றன, எழுத்து மட்டும் தேறும். 212-ஓடு 98-லிருந்து 160 வரையும் ஏற்றிவிட்டேன். மீதியைத் தீபாவளிக்குள் முடிக்கப் பார்க்கிறேன். 2006-க்கும் 2013-க்கும் இடையில் எங்களிடம் கார்டு அடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் கார்டில் இருப்பதை அப்படியே தட்டிப் பாருங்கள். வராவிட்டால் எண்ணை இங்கே எழுதுங்கள்.